நடப்பதா, கோப்பைப் புரட்டுவதா? ஒரு நகரத்தின் பொதுக்கலையை ஆராய நான்கு வழிகள்

ஒரு நகரத்தின் சிலைகளையும் சுவரோவியங்களையும் பற்றி ஆய்வேடு எழுதவோ, பட்டியல் போடவோ, ஒரு சிறு நூல் கொண்டுவரவோ கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே முச்சந்தியில் வந்து திகைத்து நிற்கிறார்கள். தெருத்தெருவாக நடந்து பார்ப்பதா? ஆவணக் காப்பகத்தில் போய் உட்காருவதா? படைத்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேசுவதா? இணையத்தில் ஏற்கெனவே கிடப்பதைத் திரட்டுவதா? கையில் இருப்பது மூன்று மாதம், வேலை செய்ய ஒரே ஆள், பணம் சொற்பம். ‘நான்கையும் கலந்து செய்யுங்கள்’ என்று அறிவுரை சொல்வது சுலபம். அப்படிச் சொல்கிறவர் நான்கையும் முழுதாகச் செய்து பார்த்தவராக இருக்க மாட்டார். ஒன்றை முதன்மையாக வைத்துக்கொண்டு மற்றவற்றைத் துணைக்கு அழைப்பதுதான் நடக்கிற காரியம். அந்த ஒன்று எது என்று முடிவு செய்யத்தான் இந்த ஒப்பீடு.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், உங்கள் கேள்வி. ‘இந்த நகரத்தில் என்னென்ன இருக்கின்றன?’ என்பது ஒரு கேள்வி. ‘யார் முடிவு செய்தார்கள், யார் பணம் கொடுத்தார்கள்?’ என்பது வேறு கேள்வி. ‘அதைக் கடந்து போகிறவர்களுக்கு அது என்னவாக இருக்கிறது?’ என்பது முற்றிலும் வேறு. முதல் கேள்விக்கான வழியைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதற்குப் பதில் தேடி மாதக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு.

இரண்டாவது, மறைந்துபோன படைப்புகளையும் அந்த வழி காட்டுமா என்பது. இடிக்கப்பட்டவை, இடம் மாற்றப்பட்டவை, திட்டத்தோடு நின்றுபோனவை எல்லாமே நகரத்தின் கலை வரலாற்றில் சேர்ந்தவைதான்.

மூன்றாவது, ஆண்டும் பெயரும் எவ்வளவு நம்பகமாகக் கிடைக்கும் என்பது. இது சின்ன விஷயம்போலத் தெரியும். செய்து பார்த்தால் கழுத்தை அறுக்கும். சிகாகோவின் மில்லினியம் பூங்காவில் இருக்கும், சிற்பி அனிஷ் கபூரின் ‘கிளவுட் கேட்’ சிற்பம் எந்த ஆண்டுப் படைப்பு? 2004 ஜூலையில் பூங்கா திறக்கப்பட்டபோது அது மக்கள் பார்வைக்கு வந்தது, ஆனால் வேலை முடிந்திருக்கவில்லை. 168 எஃகுத் தகடுகளை இணைத்த பற்றவைப்புக் கோடுகளைத் தேய்த்து மறைப்பதற்காகப் பின்னர் அதைக் கூடாரம் போட்டு மூடினார்கள். முறைப்படி அர்ப்பணிக்கப்பட்டது 2006 மே மாதத்தில். ஒரு பட்டியலில் 2004 என்றும் இன்னொன்றில் 2006 என்றும் இருந்தால் இரண்டுமே பொய் இல்லை. உலகமே படம் பிடித்துத் தள்ளிய ஒரு படைப்புக்கே இந்தக் கதி என்றால், ஒரு தெருமுனை நீரூற்றுக்கு எப்படி இருக்கும்?

நான்காவது, மறைமுகச் செலவு. நாட்களும் அனுமதிகளும் தட்டெழுத்து வேலையும் இதில் அடங்கும்.

ஐந்தாவதைப் பலரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. நீங்கள் வரும்வரை அந்தச் சான்று காத்திருக்குமா? காப்பகத்தில் இருக்கும் கோப்பு அடுத்த ஆண்டும் அநேகமாக அங்கேயே இருக்கும். சுவரில் இருக்கும் சாயம் இருக்காது. எண்பது வயது வார்ப்புக் கலைஞர் இருப்பார் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. வழிகளை வரிசைப்படுத்தும்போது இந்த அளவுகோலுக்குத்தான் நான் அதிக எடை கொடுக்கிறேன்.

| வழி | எந்தக் கேள்விக்கு | மறைந்தவை தெரியுமா | ஆண்டு, பெயர் | மறைமுகச் செலவு | காத்திருக்குமா |
|---|---|---|---|---|---|
| கள நடை | என்ன இருக்கிறது, எந்த நிலையில் | தெரியாது | பலகையை நம்பினால் ஆபத்து | மாலை நேரப் பதிவு வேலை | சுவரோவியம் காத்திருக்காது |
| ஆவணக் காப்பகம் | யார், ஏன், எவ்வளவு செலவில் | நன்றாகத் தெரியும் | மிக நன்று | காத்திருப்பு, எந்தத் தலைப்பில் தேடுவது என்ற புதிர் | பெரும்பாலும் காத்திருக்கும் |
| நேர்காணல் | எப்படி உருவானது, எப்படிப் பார்க்கப்படுகிறது | ஓரளவு | பெயர் நன்று, ஆண்டு மோசம் | தட்டெழுத்து, ஒப்புதல் | காத்திருக்கவே காத்திருக்காது |
| இணையத் தரவு | தொடக்கப் பட்டியல் | சில சமயம் | பார்த்து எழுதிய பிழைகள் | சரிபார்ப்பு | காத்திருக்கும், மாறிக்கொண்டும் இருக்கும் |

## கள நடை

நடப்பதன் பெரிய லாபம், எந்தப் பட்டியலிலும் இல்லாதவை கண்ணில் படுவது. ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தின் நெற்றியில் இருக்கும் புடைப்புச் சிற்பம், சுரங்கப்பாதையின் சில்லோட்டு (மொசைக்) ஓவியம், பூங்காவின் இரும்புக் கதவு ஆகியவற்றை ‘சிலை’ என்று யாரும் பதிந்து வைத்திருக்க மாட்டார்கள். அதனால் கிளம்புமுன் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வங்கியின் முன்கூடத்தில் இருப்பது பொதுக்கலையா? விளம்பரத்துக்காக வரைந்த சுவர்? முதல் நாள் சேர்த்து இருபதாம் நாள் விட்டால் பட்டியலே கோணலாகிவிடும்.

வெண்கலச் சிலை முன்னால் நின்றால் முதலில் முகத்தைப் பார்ப்பது மனித இயல்பு. ஆராய்கிறவர் காலடியைப் பார்க்க வேண்டும். உருவம் நிற்கும் மெல்லிய வெண்கல அடித்தட்டின் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ சிற்பியின் கையெழுத்து கீறப்பட்டிருக்கும். அதற்குச் சற்றுத் தள்ளி, சிறிய எழுத்துகளில், வார்த்தவர்களின் முத்திரை இருக்கலாம். மழையும் காற்றும் தேய்த்த எழுத்து நடுப்பகல் வெயிலில் தெரியவே தெரியாது. மாலையில் போய், டார்ச் விளக்கைத் தட்டோடு ஒட்டிப் படுக்கைவாக்கில் பிடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்ததும் வெற்றுத் தகடாக இருந்த இடத்தில் ஒரு பெயர் எழுந்து வரும். சுண்ணக்கட்டியைத் தேய்த்துப் படிக்கும் பழக்கம் வேண்டாம். கல்லையும் உலோகத்தையும் அது கெடுக்கும்.

பீடத்தில் பதித்த பலகையை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். நான் முதன்முதலில் போட்ட பட்டியலில் ஒரு சிலைக்குப் பலகையில் இருந்த ஆண்டை எழுதி வைத்தேன். சாலையை அகலப்படுத்தச் சிலையை நகர்த்தியபோது கட்டிய புதுப் பீடத்தின் ஆண்டு அது என்று பிறகுதான் தெரிந்தது. சிலை அதற்கு ஒரு தலைமுறை மூத்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1895இல் எழுப்பப்பட்டு 2020 ஜூன் 7 அன்று போராட்டக்காரர்களால் கவிழ்க்கப்பட்ட, அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டன் சிலையின் பலகை, அதை நகரக் குடிமக்கள் எழுப்பியதாகச் சொன்னது. அந்தக் குடிமக்களிடம் நிதி திரட்டல் எவ்வளவு தடுமாறியது என்பதைப் பலகை சொல்லவில்லை. அது தெரியவர ஆவணங்கள் வேண்டியிருந்தன.

சுவரோவியங்களின் கதை வேறு. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ‘5பாய்ன்ட்ஸ்’ என்ற கட்டடத் தொகுதி தெளிப்புச் சாயக் கலைஞர்களின் கூடமாக இருந்தது. 2013 நவம்பரில் ஓர் இரவில் உரிமையாளர் சுவர்களுக்கு வெள்ளையடித்துவிட்டார். விவகாரம் நீதிமன்றம் போய், 2018இல் 21 கலைஞர்களுக்கு 67.5 லட்சம் டாலர் இழப்பீடு தீர்ப்பானது. வழக்கில் கலைஞர்கள் வென்றார்கள், சுவர் திரும்பவில்லை. அப்படிப்பட்ட சுவர்களைப் பொறுத்தவரை இன்று எடுக்கும் படமே நாளைய மூல ஆவணம். ஆகவே அழகான ஒரே கோணத்தோடு திருப்திப்படாமல் நான்கு பக்கமும் எடுங்கள். சுற்றுப்புறம் தெரியும்படி ஒன்று, கையெழுத்து மட்டும் தெரியும்படி ஒன்று.

மறைமுகச் செலவு மாலையில்தான் தெரியும். பகலில் முப்பது படைப்புகளைப் பார்த்துவிடலாம். அவற்றுக்குப் பெயர் வைத்து, அளவும் இருப்பிடமும் நிலையும் எழுதி முடிக்க இரண்டு இரவு பிடிக்கும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே கைப்பேசி காட்டும் இருப்பிடம் பல மீட்டர் விலகி, சிலை சாலைக்கு எதிர்ப்பக்கம் நிற்பதாகச் சொல்லும்; குறுக்குத் தெருவின் பெயரையும் எழுதிவிடுங்கள். நகரம் பெரிதென்றால் தனியாள் நடை போதாது. அமெரிக்காவில் 1989இல் தொடங்கிய வெளிப்புறச் சிற்பக் கணக்கெடுப்புக்குச் சுமார் 7,000 தன்னார்வலர்கள் தேவைப்பட்டார்கள்; 30,000க்கும் மேற்பட்ட சிற்பங்கள் பதிவாயின.

இந்த வழி யாருக்கு: பட்டியலே இல்லாத நகரத்தில் தொடங்குகிறவருக்கும், சுவரோவியங்களை ஆராய்கிறவருக்கும், படைப்புகளின் பராமரிப்பு நிலையைப் பற்றி எழுதுகிறவருக்கும்.

## ஆவணக் காப்பகம்

காப்பகத்துக்குப் போய் ‘கலை’ என்று தேடி ஒன்றும் கிடைக்காமல் திரும்பியவர்கள் ஏராளம். கலை அங்கே கலை என்ற தலைப்பில் இருக்காது. சாலைகள், பூங்காக்கள், பொதுப்பணி, பாலம் கட்டுதல், சதுக்கச் சீரமைப்பு ஆகிய தலைப்புகளுக்குள் அது ஒளிந்திருக்கும். நகர மன்றத் தீர்மானங்கள், ஒப்பந்தப் புள்ளிகள், கட்டட அனுமதிக் கோப்புகள், நன்கொடையாளர் கடிதங்கள் ஆகியவைதான் உண்மையான சுரங்கம். சுருக்கமான வழி ஒன்று உண்டு: பணத்தைப் பின்தொடருங்கள்.

சில நகரங்களில் அதற்குச் சட்டமே துணை நிற்கிறது. கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காட்டைக் கலைக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதியை பிரான்ஸ் 1951இல் பள்ளிக் கட்டடங்களுக்குக் கொண்டுவந்தது. அமெரிக்க நகரங்களில் பிலடெல்பியா 1959இல் முந்திக்கொண்டது. இப்படி ஒரு விதி நீங்கள் ஆராயும் நகரத்தில் இருந்தால், அது நடைமுறைக்கு வந்த நாளுக்குப் பிந்தைய அரசுக் கட்டடங்களின் பட்டியலை எடுங்கள். பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு படைப்பு இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அது எங்கே போயிற்று என்பது உங்கள் அடுத்த அத்தியாயம்.

மறைந்த படைப்புகளுக்குக் காப்பகத்தை விட்டால் நல்ல வழியில்லை. சிற்பி ரிச்சர்ட் செர்ரா 1981இல் நியூயார்க்கின் பெடரல் பிளாசாவில் நிறுத்திய ‘டில்டெட் ஆர்க்’ 120 அடி நீளமும் 12 அடி உயரமும் கொண்ட வளைந்த எஃகுச் சுவர். இன்று அந்த இடத்தில் நின்றால் ஒன்றும் தெரியாது. 1985 மார்ச்சில் நடந்த பொது விசாரணையின் பதிவுகளைப் புரட்டினால் ஒரு நகரமே அதில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். சுமார் 180 பேர் பேசினார்கள். அது அங்கேயே இருக்கட்டும் என்றவர்கள் 122 பேர், எடுத்துவிடுங்கள் என்றவர்கள் 58 பேர். ஆனாலும் விசாரணைக் குழு நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அகற்றவே பரிந்துரைத்தது. 1989 மார்ச்சில் அதைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்துச் சென்றார்கள். பெரும்பான்மை ஒரு பக்கம் பேசியும் முடிவு மறுபக்கம் போனது என்பதை எந்த நடையும் உங்களுக்குச் சொல்லாது.

குறைகளும் உண்டு. அரசின் மேசைக்கு வராதது காப்பகத்துக்கும் வராது. அனுமதியின்றி வரைந்த தெருவோவியம் அங்கே ஒரே ஓர் இடத்தில்தான் தென்படும்: சுவர் சுத்தம் செய்த செலவுக் கணக்கில். ஆண்டுவாரியாக அந்தச் செலவு எப்படி ஏறி இறங்கியது என்று பார்த்து ஒரு தெருக்கலை வரலாற்றையே ஊகிக்கலாம் என்பது வேடிக்கையான உண்மை. அதோடு, கோப்பு கேட்டு நாட்கணக்கில் காத்திருக்க நேரும், படியெடுக்கக் கட்டணம் இருக்கும், பழைய கையெழுத்து புரியாது. மூன்று மாதத்தில் ஒரு மாதம் வெறும் காத்திருப்பில் போகும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

இந்த வழி யாருக்கு: ஒரே ஒரு படைப்பை ஆழமாக எழுதுகிறவருக்கும், நினைவுச் சின்னங்களின் அரசியலை எழுதுகிறவருக்கும், ‘ஏன் இங்கே, ஏன் அப்போது?’ என்று கேட்கிறவருக்கும்.

## நேர்காணல்

சிற்பியிடம் மட்டும் பேசிவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். அச்சுப் பிடித்தவர், பற்றவைத்தவர், சாரம் கட்டியவர், நிறுவிய அன்று பாரந்தூக்கியை ஓட்டியவர் ஆகியோரிடம்தான் வேறெங்கும் கிடைக்காத செய்தி இருக்கும். சிகாகோ நகரச் சதுக்கத்தில் 1967 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்ட பிக்காசோவின் பெயரிடப்படாத உருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிக்காசோ அந்த நகரத்துக்கு வந்ததே இல்லை. அவர் செய்து கொடுத்தது ஒரு சிறு மாதிரிதான். 50 அடி உருவமாக அதை எழுப்பியவர்கள் எஃகு ஆலைத் தொழிலாளர்கள். படைத்தவர் யார் என்ற கேள்விக்கு அங்கே எத்தனை பதில்கள்!

அக்கம்பக்கத்தார் வைத்திருக்கும் பெயர் இன்னொரு புதையல். லண்டன் பிக்காடிலி சர்க்கஸில் 1893 முதல் இருக்கும் சிறகு முளைத்த அலுமினிய உருவத்தை ஊரே ‘ஈராஸ்’ (கிரேக்கக் காதல் தெய்வம்) என்கிறது. சிற்பி ஆல்பிரட் கில்பர்ட் உருவாக்க நினைத்தது ஈராஸின் தம்பி ஆன்டெராஸை. நினைவுச் சின்னமோ ஷாப்ட்ஸ்பரி பிரபுவுக்கானது. பதிவேட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மக்களிடம் விசாரித்தால் ‘அப்படி ஒன்று இங்கே இல்லையே’ என்பார்கள். இரண்டு பெயர்களையும் தெரிந்துகொண்டு போங்கள்.

நினைவு ஆண்டுகளை விழுங்கும். ‘எங்கள் மகள் பிறந்த வருடம்’ என்று சொன்னால் நம்பலாம், ‘எழுபத்தைந்து வாக்கில்’ என்றால் சரிபார்க்க வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டெழுத நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். பத்துப் பேரிடம் பேசினால் உங்கள் ஒரு வாரம் காலி. அனுமதியின்றி வரைகிறவர்கள் உண்மைப் பெயரைச் சொன்னால் அதை எழுதலாமா, எங்கே வைப்பீர்கள், யார் பார்க்க முடியும் என்பதையெல்லாம் பதிவுக் கருவியை அழுத்துமுன்னரே பேசி முடிவு செய்துவிடுங்கள். பிறகு கேட்பது நாகரிகமும் இல்லை, சில சமயம் அவருக்கு ஆபத்தும்கூட.

இந்த வழி யாருக்கு: கடந்த ஐம்பது ஆண்டுப் படைப்புகளை ஆராய்கிறவருக்கு. அதற்கு முந்தையது என்றால் பேச ஆளே இருக்காது.

## இணையத் தரவு

ஒரே நாளில் ஒரு பட்டியல் கிடைத்துவிடும் என்பது இதன் கவர்ச்சி. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய தரவுத்தளமான விக்கித்தரவிலும், அதேபோன்ற வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலும் நகரங்களின் சிலைகள் இருப்பிடத்தோடு பதிவாகியிருக்கின்றன. கூகுள் ஸ்ட்ரீட் வியூ 2014 முதல் ஒரே இடத்தின் பழைய படங்களையும் காட்டுகிறது. தேதி தெரியாத சுவரோவியத்துக்கு இது வரப்பிரசாதம்: ஒரு படத்தில் வெறும் சுவர், அடுத்த படத்தில் ஓவியம் என்றால் அது பிறந்தது இரண்டுக்கும் நடுவே.

சிக்கல் இதுதான்: ஒரு தவறான ஆண்டு ஓர் இடத்தில் ஏறிவிட்டால் ஐந்து இடங்களில் அதே ஆண்டு தெரியும், ஐந்து சாட்சிகள் என்று நினைப்போம், உண்மையில் சாட்சி ஒருவர்தான். சுற்றுலாப் பயணிகள் கூடும் மையப் பகுதியில் பதிவுகள் குவிந்திருக்கும், புறநகரில் வெறிச்சோடும். அந்த வெற்றிடத்தைப் பார்த்துவிட்டுப் புறநகரில் கலை இல்லை என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள். பட்டியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பத்தைத் தேர்ந்தெடுத்து நேரில் போய்ப் பாருங்கள். பத்தில் மூன்று தவறு என்றால் மீதியையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

இதை முதன்மை வழியாக யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். பல நகரங்களை எண்ணிக்கையளவில் ஒப்பிடுகிறவர் மட்டும் விதிவிலக்கு.

## படத்தை வெளியிடுமுன்

எந்த வழியில் போனாலும் கடைசியில் படம் போடும்போது பதிப்புரிமை குறுக்கே வரும். ஜெர்மனியில் பொது வழியில் நிரந்தரமாக இருக்கும் படைப்பின் படத்தை வெளியிடத் தடையில்லை. பிரான்ஸில் 2016 முதல் தனிநபர்கள் வணிக நோக்கமின்றி வெளியிட மட்டுமே இடமுண்டு. அமெரிக்காவில் இந்தச் சலுகை கட்டடங்களுக்குத்தான், சிற்பங்களுக்கு இல்லை. பிரிட்டன், இந்தியச் சட்டங்களில் சிற்பத்துக்குச் சலுகை உண்டு, சுவரோவியம் அதில் சேரவில்லை. நூலாகக் கொண்டுவர நினைப்பவர்கள் கலைஞரின் எழுத்துப்பூர்வ அனுமதியை நேர்காணலின்போதே வாங்கிவிடுவது நல்லது. இரண்டு முறை தேடி அலைய வேண்டாம்.

## உங்கள் நிலைமை எது

மூன்று மாதம், தனியாள், பட்டியலில்லாத நகரம் என்றால் கள நடையை முதன்மையாக்குங்கள். இணையப் பட்டியலுக்கு இரண்டு நாள் கொடுத்து அதையே நடைக்கான வரைபடமாக வைத்துக்கொள்ளுங்கள். காப்பகத்துக்கான விண்ணப்பத்தை முதல் வாரமே போட்டுவிடுங்கள்; நீங்கள் நடக்கும்போது அது தன்பாட்டில் நகர்ந்துகொண்டிருக்கும்.

ஒரு சர்ச்சைக்குரிய நினைவுச் சின்னம்தான் தலைப்பு என்றால் காப்பகம். நடை ஒரே ஒரு மாலை போதும், டார்ச் விளக்கோடு.

சமகாலச் சுவரோவியம் என்றால் நடையும் நேர்காணலும் சேர்ந்தே போக வேண்டும். சுவரைப் படமெடுத்துவிட்டு, அந்தப் படத்தைக் கைப்பேசியில் காட்டி எதிர்க் கடைக்காரரிடம் ‘இதை யார் வரைந்தார்கள், வரைந்தபோது நீங்கள் பார்த்தீர்களா?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் வரைந்தவரின் கைப்பேசி எண் அவரிடம் இருக்கும்.